குழியானைக்கு எது முன்பக்கம்?

மதுரை வட்டாரத்தில் 14 ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளை மலைநடைக்குக் கூட்டிப் போகிறவர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

விலங்கியல் முடித்திருக்கிறேன். பிள்ளைகளைக் காடு மேடு கூட்டிப் போகும் வேலைக்கு வர ஆசை. இன்னும் என்ன படிக்க வேண்டும்? பிழைப்புக்கு ஆகுமா?
– வாசகி, விருதுநகர்

பிழைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் நம்பினால் ஆகாது. நடை என்பது சனி, ஞாயிறு. ஏப்ரல், மே மாதங்களில் பாறை காலைப் பொசுக்கும். ஐப்பசி மழையில் பாதி நடை ரத்து. வார நாட்களில் நான் டியூஷன் எடுக்கிறேன். என் அம்மாவைக் கேட்டால் இன்றைக்கும் 'டியூஷன் டீச்சர்' என்றுதான் சொல்வார்.

படிப்பு, உங்களிடம் இருப்பதே போதும். ஆனால் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பெயரைச் சொல்லிவிடுவோம். எனக்கும் இருந்தது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி மலையில் முதல் இரண்டு வருஷம் நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு நாள் குடைவரைக் கோயிலுக்குப் போகும் வழியில், மழை படாத பாறை இடுக்குப் பொடிமண்ணில் குட்டிக் குட்டிப் புனலாகக் குழிகள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். ஓர் எறும்பு சறுக்கி உள்ளே விழுந்தது. அடியிலிருந்து யாரோ மண்ணை அள்ளி வீசுவது போல் இருந்தது. எறும்பு மேலே ஏற ஏறச் சரிந்தது, அப்புறம் காணோம். அவள் மெல்ல ஊதி, மண்ணுக்குள் இருந்த குழியானைப் பூச்சியை எடுத்து உள்ளங்கையில் விட்டாள். அது பின்னாலேயே நகர்ந்தது.

"அக்கா, இதுக்கு எது முன்பக்கம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பையன், "கொடுக்கு இருக்கிற பக்கம்" என்றான். இன்னொருத்தி, "போற பக்கம்தான் முன்பக்கம், பஸ் மாதிரி" என்றாள். சண்டை பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் போனது. கூட வந்த ஆசிரியர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மலை ஏறவில்லை. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னேன்: இது வளர்ந்து தட்டான் மாதிரி இறக்கை முளைத்துப் பறக்கும், அதுவரைக்கும் வெளிக்கே போகாது, எல்லாவற்றையும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு அதைவிடப் பெரிய செய்தி உலகத்தில் கிடையாது. வேன் முழுக்க அதே பேச்சு.

எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதைத்தான் இந்த வேலையில் நான் படித்தேன். அதற்குச் சான்றிதழ் எதுவும் தருவதாகத் தெரியவில்லை.

மகனுக்கு 7 வயது. அனுப்ப ஆசைதான், பாம்பை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், திருமங்கலம்

நான் பார்த்த பாம்புகளில் முக்கால்வாசி வாலைத்தான் பார்த்திருக்கிறேன், நம் காலடி அதிர்விலேயே நகர்ந்துவிடும். கணுக்காலை மூடும் ஷூ, முழு பேண்ட் போட்டு அனுப்புங்கள். பாறை இடுக்கில் கை விடக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, பிள்ளையை நடக்க விடக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, 108-ஐக் கூப்பிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். என்ன பாம்பு என்று தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

எனக்குப் பாம்பைவிட மலைத்தேனீதான் பயம். பாறை விளிம்பில் கூடு தொங்கினால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். தயவுசெய்து சென்ட் அடித்து அனுப்பாதீர்கள்.

செல்போன் செயலியே குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அப்புறம் நீங்கள் எதற்கு?
– வாசகர், சிவகாசி

பெயர் சொல்ல மட்டும் என்றால் நான் வேண்டாம்தான். வீட்டில் நானும் அதை வைத்துத்தான் சரிபார்க்கிறேன். நடையில் மட்டும் போன்கள் என் பையில் இருக்கும். அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகு, வல்லூறு பார்க்கப் பெரியவர்கள் நிறைய வருகிறார்கள். அது புறாக் கூட்டத்துக்குள் பாய்வது இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியும் கேமராவைத் திறப்பதிலேயே போய்விடும்.

பள்ளியில் 60 பேரை ஒரே நாளில் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். எத்தனை பெரியவர்கள் வேண்டும்?
– ஆசிரியை, மேலூர்

60 பேர் போனால் அது ஊர்வலம், டீச்சர். 15 பிள்ளைக்கு இரண்டு பெரியவர்: ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு பிள்ளையும் வரக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பள்ளி நான்கு ஆசிரியர்களை அனுப்புவதாகச் சொல்லி ஒருவரை அனுப்பியது. நானும் சரி என்று கிளம்பிவிட்டேன், தப்பு என்னுடையது. 44 பேர். பிள்ளைகள் நடக்க நடக்கவே எண்ணினேன். வேனில் ஏற்றும்போது 43. ஓடினேன். சுனை ஓரத்தில் குப்புறப் படுத்துத் தலைப்பிரட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன். "ஒண்ணுக்கு மட்டும் பின்னங்கால் வந்திருச்சுக்கா" என்றான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிஷம் அவன் தனியாக, தண்ணீர் பக்கத்தில் இருந்திருக்கிறான்.

இப்போதெல்லாம் நான் தலையை எண்ணுவதில்லை. ஆளுக்கொரு நம்பர், ஆளுக்கொரு ஜோடி. நின்ற இடத்தில் பிள்ளைகளே நம்பரைக் கத்துவார்கள்.

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓரடி வைக்காதீர்கள். 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலைத் தீயில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்; அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. உங்கள் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்: 60 பேர் என்றால் நான்கு ஞாயிறு.