நிறுத்திவைத்த கணினிக்கும் பில் வருமா?

கேள்வி: என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். லினக்ஸ் பழகுவதற்காக என் கிரெடிட் கார்டைக் கொடுத்து, கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கணினி தரும் சேவையில், ஒரு மெய்நிகர் கணினி எடுத்தோம். இலவசம் என்றுதான் போட்டிருந்தார்கள். தேர்வு நேரத்தில் அதிலிருந்த உபுண்டு என்ற லினக்ஸை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் பில் வந்துவிட்டது. தொடாத கணினிக்குப் பணம் கேட்பது நியாயமா? இனி எப்படி எடுப்பது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: எந்த நிறுவனம் என்று நீங்கள் எழுதவில்லை. விடை அதில்தான் இருக்கிறது. நிறுத்துவதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில், உபுண்டுவுக்குள் இருந்தபடி ஷட்டவுன் கொடுத்தால் கணினி அணையும், கட்டணம் அணையாது. போர்ட்டலில், அதாவது கணினியை நிர்வகிக்கும் அஷூர் இணையதளத்தில், அதன் நிலை வெறும் ‘ஸ்டாப்டு’ என்று காட்டும். போர்ட்டலுக்குள் போய் அங்குள்ள ஸ்டாப் பொத்தானை அழுத்தி, ‘டீஅலோகேட்டட்’ (ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டது) என்ற சொல்லும் சேர்ந்து வந்த பிறகுதான் கணினிக்கான கட்டணம் நிற்கும். அமேசானில் நிறுத்தினாலே கணினிக்கட்டணம் நின்றுவிடும். ஆனால் டிஸ்க்குக்கான கட்டணம் தொடரும். டிஜிட்டல்ஓஷன் என்ற இன்னொரு கிளவுட் நிறுவனத்தில் அணைத்து வைத்தாலும் முழுக் கட்டணம்தான். அழித்தால் மட்டுமே நிற்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் வாடகை ஓடும் அல்லவா, அதே கணக்கு.

டிஸ்க்கைத் தவிர, பலர் கவனிக்காத இன்னொரு செலவு பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்தக் கணினியை அடைய உதவும் எண். அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் ஐபிவி4 வகையைச் சேர்ந்த ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை டாலர். நிலையான முகவரி ஒன்றை வாங்கி வைத்திருந்தால், கணினி நின்றிருந்தாலும் அது எண்ணப்படும். நம் நாட்டில் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

நியாயமா என்று கேட்டீர்கள். ஒப்பந்தத்தில் இவை எல்லாம் எழுதியிருக்கின்றன, சட்டப்படி அவர்கள் பக்கம் பலம் இருக்கிறது. ஆனால் ‘இலவசம்’ என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, நிபந்தனையை நான்கு பக்கங்கள் தள்ளி வைப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். கணக்குப் பிரிவுக்கு நடந்ததை எழுதி, தள்ளுபடி கேளுங்கள். முதல் முறை என்றால் விட்டுக்கொடுப்பதுண்டு. கட்டாயம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இனி எடுப்பதைப் பற்றி. கட்டளைகள் பழக மட்டும்தான் என்றால் கிளவுடே தேவையில்லை. வீட்டு விண்டோஸ் கணினியில் டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் மென்பொருள்) போட்டு உபுண்டுவை நிறுவலாம், ஒரு பைசா செலவில்லை. சர்வர் நடத்திப் பார்க்க வேண்டும் என்றால், மாணவர்களுக்கான அஷூர் கணக்கை முதலில் முயலுங்கள். கல்லூரி மின்னஞ்சலே போதும், கார்டு கேட்பதில்லை. 100 டாலர் அளவுக்குப் பயன்படுத்தலாம். கார்டு எண் அவர்களிடம் இல்லாததுதான் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

கூகுளில் காலவரையற்று இலவசமாகத் தரப்படும் இ2-மைக்ரோ என்ற சிறிய கணினி அமெரிக்காவின் ஓரிகன், அயோவா, தென் கரோலினா மையங்களுக்கு மட்டுமே. பக்கத்தில் இருக்கிறதே என்று மும்பையைத் தேர்ந்தெடுத்தால் சலுகை கிடையாது. அமேசானில் பழைய 12 மாத இலவசத் திட்டம், 2025 ஜூலை 15 முதல் தொடங்கிய கணக்குகளுக்கு இல்லை; பழைய வீடியோக்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

செலவு எச்சரிக்கையைக் கட்டாயம் அமைக்கச் சொல்லுங்கள். ஆனால் அமேசானிலும் கூகுளிலும் அது இயல்பாக மின்னஞ்சல் மட்டுமே அனுப்பும்; கணினியைத் தானாக நிறுத்தாது. தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். வழியை, அதாவது 22-ஆம் போர்ட் என்ற வாசலை, உலகம் முழுவதற்கும் திறந்து வைக்காமல் வீட்டு ஐபிக்கு மட்டும் அனுமதிக்க வேண்டும். வேறு யாராவது உள்ளே புகுந்து கணினியை ஓட்டினாலும் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

இப்போதுள்ள கணினி வேண்டாம் என்றால் இன்றே நீக்கிவிடுங்கள். தேவையான கோப்புகளை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். நீக்கியதோடு விடாமல், தனியாகச் சேர்த்த டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்), ஐபி முகவரி ஆகிய மூன்றின் பட்டியலும் காலியாக இருக்கிறதா என்று மும்பை, ஓரிகன் போன்ற ஒவ்வொரு பிராந்தியத்திலும் பாருங்கள். இரண்டு நாள் கழித்து பில் பக்கத்தைத் திறந்து, தொகை ஏறாமல் நிற்கிறதா என்று சரிபாருங்கள்.