குன்னூர்க் கட்டடம்: தண்ணீர்ச் செலவை எப்படிப் பிரிப்பது?

நண்பரே, நீங்கள் வாங்கியிருக்கும் கட்டடத்தில் கீழே மூன்று கடை, மேலே நான்கு வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி. செலவை ஏழாகப் பிரித்ததும் மாடிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான். கீழே பேக்கரி இருக்கிறதே, அதற்குச் செலவாகும் தண்ணீரும் இரண்டு பேர் வாழும் வீட்டுக்குச் செலவாவதும் ஒன்றா?

கோத்தகிரியில் எங்கள் கட்டடத்திலும் இதே கதைதான். கடைகளுக்குத் தனித் தொட்டி வைத்து, ஒவ்வொரு குழாயிலும் மீட்டர் பொருத்தினோம். செலவு கொஞ்சம் கடித்தது. ஆனால் லாரித் தண்ணீர் வாங்கும் கோடையில் அளவு எல்லோர் கண்ணெதிரிலும் இருந்ததால் பேச்சுக்கே இடமில்லை. மாடிப்படி விளக்கு, கூட்டுகிறவர் சம்பளம் போன்றவற்றை மட்டும் சதுர அடிக் கணக்கில் பிரியுங்கள்.

மின்சாரத்தில் எச்சரிக்கை. வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு வயர் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து உடனே பாருங்கள். பழைய கட்டடங்களில் இது சாதாரணம். பிடிபட்டால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி இரு மடங்குக் கட்டணம் விழும்.

பாக்கி வைத்தவருக்குத் தண்ணீரை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். கூடவே கூடாது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

கட்டடத்தை உங்களுக்கு விற்றவர் வாடகைதாரர்களிடம் வாங்கி வைத்திருந்த அட்வான்ஸ் தொகை உங்கள் கைக்கு வந்துவிட்டதா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. வாடகைதாரர் காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார். ஐப்பசி மழைக்கு முன் கூரைத் தகரத்தையும் பார்த்துவிடுங்கள்.