டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வந்து அப்படியே நின்றுவிடலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் கடந்த ஏப்ரல் 7 அன்று இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம், நோட்டீஸ் 60 நாள். சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆனால் வாரம் 24 பீரியட் என்று சொல்லி அழைத்துவிட்டு 32 கொடுத்திருக்கிறார்கள். பஸ் டியூட்டி வேறு. என்னை அனுப்பிய ஏஜென்ட் போன வாரம் கூப்பிட்டார். துபாயில் இன்னொரு பள்ளியில் 1,500 திர்ஹாம் கூடுதலாகக் கிடைக்கும், டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வந்து அப்படியே நின்றுவிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு செக்‌ஷன் இருக்கிறது. பாதியில் விடுவது துரோகமா? விசா செலவு 9,000 திர்ஹாமைத் திருப்பிக் கேட்பார்களா?

பதில்: வேலையை விடலாம், சகோதரி. அதில் துரோகம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏஜென்ட் சொல்கிற வழியில் விடாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே 60 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. வெளியே போக விரும்புகிறவருக்காகத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். அதன்படி போகிறவர் வாக்குத் தவறியவர் ஆகமாட்டார். லீவு லெட்டர் கொடுத்துவிட்டு விமானம் ஏறி, போனை அணைத்து வைப்பவர்தான் ஆவார்.

முதலில் அந்த ஏஜென்ட் விஷயம். ஏழு மாதம் உங்களை நினைக்காத மனிதர் இப்போது ஏன் கூப்பிடுகிறார்? ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழிலில், அனுப்பிய ஆள் குறிப்பிட்ட மாதங்களுக்குள் போய்விட்டால் கமிஷனைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு ஆள் தர வேண்டும் என்று பள்ளியோடு பேசிக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் அது மூன்று மாதம் அல்லது ஆறு மாதம். அந்தக் கெடு முடிந்ததும் நீங்கள் அவருக்கு மறுபடியும் விற்கக்கூடிய சரக்கு ஆகிவிடுகிறீர்கள். நீங்கள் துபாய்க்குப் போனால் ஒரு கமிஷன், ஷார்ஜாவில் காலியாகும் இடத்துக்கு இன்னொருவரை அனுப்பினால் இன்னொரு கமிஷன். உங்களிடம் வாங்கியது தனி. இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களில் அந்த அளவோடு தப்பித்தவர்கள் குறைவு. உங்கள் டிகிரி, பி.எட். அசல் சான்றிதழ்கள் இன்னும் அவரிடம் இருந்தால், வேறெதையும் செய்வதற்கு முன் அவற்றை வாங்கிவிடுங்கள்.

அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அமீரகத்தின் தொழிலாளர் சட்டம் 2021-இன் 33-ஆம் எண் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகுந்த காரணமின்றித் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராதவரைப் பற்றிப் பள்ளி மனிதவள அமைச்சகத்தில் புகார் பதியலாம். அந்தப் புகார் உறுதியானால் ஓராண்டுக்கு உங்களுக்கு அங்கே வேறு வேலை அனுமதி கிடைக்காது. அதாவது ஏஜென்ட் காட்டுகிற அந்த துபாய் பள்ளியிலேயே சேர முடியாது. "வேலைத் தடை வந்தா நான் எடுத்துத் தர்றேன் மேடம்" என்பார். அதற்கும் ஒரு தொகை சொல்வார்.

விசா செலவுக்கு வருகிறேன். ஆள் எடுக்கும் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தகுதிகாண் காலம் (புரொபேஷன்) அதிகபட்சம் ஆறு மாதம். அதையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். எனவே 9,000 திர்ஹாம் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. பள்ளி நிர்வாகத்துக்கு நீங்கள் பட்ட கடன் நோட்டீஸோடு தீர்ந்துவிடும். அந்த இரண்டு செக்‌ஷன் பிள்ளைகளுக்குப் பட்டது அப்படித் தீராது. போர்டு பரீட்சை பிப்ரவரியில் தொடங்கிவிடும். இன்றே நோட்டீஸ் கொடுத்தாலும் ஜனவரியில், பிராக்டிகல் நடக்கும் நேரத்தில், நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஜனவரியில் புதிதாக ஓர் இயற்பியல் ஆசிரியர் வந்து, எந்தப் பிள்ளை மின்காந்தத் தூண்டலில் தடுமாறுகிறது, யாருடைய ரெக்கார்ட் நோட்டில் பாதிச் சோதனைகள் எழுதாமல் கிடக்கின்றன என்று தெரிந்துகொள்வதற்குள் ஹால் டிக்கெட் வந்துவிடும். 2004-இல் காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைச்சர்கள் ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு எடுப்பது பற்றி ஒரு நெறிமுறை வகுத்தார்கள். கல்வியாண்டின் நடுவில் ஆசிரியரைப் பிய்த்து எடுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அமீரகம் அந்த அமைப்பில் இல்லை, அதனால் அது உங்களையோ அந்தப் பள்ளியையோ கட்டுப்படுத்தாது. ஆனாலும் என்னிடம் இப்படிக் கேட்கிறவர்களுக்கு அந்த அளவுகோலைத்தான் காட்டுகிறேன்.

அதனால் என் ஆலோசனை, வருடத்தை முடித்துவிட்டுப் போங்கள். இதில் உங்களுக்கும் பணம் இருக்கிறது. பணிக்கொடை ஓராண்டு முடித்தவருக்கு மட்டும்தான்; வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். கல்வியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, நீங்கள் சேர்ந்தது ஏப்ரல் 7. மார்ச் 31-ஐக் கடைசி நாளாகப் போட்டு ராஜினாமா கொடுத்தால் ஒரு வாரக் குறைவில் மொத்தமும் போய்விடும். அடிப்படைச் சம்பளம் 3,000 என்றால் அது 2,100 திர்ஹாம். பிப்ரவரி 10 அன்று நோட்டீஸ் கொடுங்கள், 60 நாள் ஏப்ரல் 11-இல் முடியும். புதுக் கல்வியாண்டின் முதல் சில நாட்கள் அடுத்து வருபவரிடம் பாடத்தை ஒப்படைக்கப் பயன்படும். கூடுதல் பீரியடைக் குறைக்கச் சொல்லி இப்போதே பிரின்சிபாலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எட்டு பீரியட் குறையாவிட்டாலும் பஸ் டியூட்டியாவது குறையலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைப் பொறுமையாகப் படியுங்கள். நோட்டீஸ் இல்லாமலே போகச் சட்டம் வழி விடுகிறது: பள்ளி ஒப்பந்தக் கடமையை மீறினால். ஆனால் நேராக எழுந்து போய்விட முடியாது. வேலையை விடுவதற்கு 14 வேலை நாட்கள் முன்பே மனிதவள அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அமைச்சகம் பள்ளிக்குச் சொல்லியும் பள்ளி சரிசெய்யாமல் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் சம்பளம் தராதவர்கள், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பவர்கள் விஷயத்தில் பிள்ளைகள் பரீட்சை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மேலதிகாரியின் அத்துமீறலுக்கு வேறு விதி. அதை ஐந்து வேலை நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும்.

உங்கள் 32 பீரியட் இந்த விதிவிலக்குக்குள் வருமா? ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 24 என்று எண் எழுதியிருக்கிறதா? நான் பார்த்த ஒப்பந்தங்களில் சீருடை நிறம், தாமதமாக வந்தால் பிடித்தம் எல்லாம் வரி வரியாக இருக்கும். பீரியட் எண்ணிக்கை மட்டும் இருக்காது. "நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் இதர பணிகள்" என்ற ஒரு வரிக்குள் பஸ் டியூட்டி, கேன்டீன் டியூட்டி, ஆண்டு விழா எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். 24 என்பதை ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் சொன்னார் என்றால் அமைச்சகத்தில் அது நிற்பது கடினம். ஓர் ஆசிரியரின் வேலைச்சுமையை ஒப்பந்தத்தில் எண்ணாக எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை என்பதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. துபாய் பள்ளியில் சேர்வதென்றால் அந்த எண்ணை எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பாதியில் போகாமலிருக்கப் பிணையாகத் தேதி போடாத காசோலை கேட்டால் அங்கே சேராதீர்கள்.

கடைசி நாளன்று விசா ரத்துக்கான தாளை நீட்டுவார்கள். பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் அவர்கள் கொடுத்தாக வேண்டும்.