படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு ஞானஸ்நானம்

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 74 வயது. பல வருடமாக ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்தவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவரே கேட்கிறார். எங்கள் பாஸ்டர், தொட்டியில் முழுகினால்தான் செல்லும் என்கிறார். டாக்டர் அம்மாவை அசைக்கவே கூடாது என்கிறார். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு இரட்சிப்பு கிடையாதா?

பதில்: பயப்படாதீர்கள். முதலில் இதே கேள்வியைப் பாஸ்டரிடமே நேராகக் கேளுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை ஞானஸ்நானத்தைக் கீழ்ப்படிதலாகத்தான் பார்க்கின்றன. விசுவாசித்தபோதே இரட்சிப்பு வந்துவிட்டது என்பதே அவர்கள் போதனை. முழுக்குத்தான் சரியான முறை என்பது வேறு, முழுகாவிட்டால் நரகம் என்பது வேறு. தண்ணீர் இல்லாமல் இரட்சிப்பே இல்லை என்று கறாராகச் சொல்லும் சபைகளும் உண்டு. அவர்கள் காட்டுவது பெரும்பாலும் ‘விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்’ என்று தொடங்கும் மாற்கு 16:16. அதன் பின்பாதியையும் படியுங்கள். ஆக்கினை ‘விசுவாசியாதவனுக்கு’ என்றுதான் இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு என்று இல்லை. இயேசுவோடு சிலுவையில் தொங்கி, ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசுக்கு வாக்குப் பெற்ற கள்ளனையும் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அதை மட்டும் நம்பி வாதாடாதீர்கள். ஞானஸ்நானக் கட்டளை இயேசு உயிர்த்தெழுந்த பிறகுதானே வந்தது என்று மடக்கிவிடுவார்கள்.

திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், இரட்சிப்புக்கு அவசியம் என்று போதிக்கிற கத்தோலிக்கத் திருச்சபைகூட உங்கள் அம்மாவின் நிலையில் இருப்பவரைக் கைவிடுவதில்லை. 392இல் ரோமப் பேரரசன் இரண்டாம் வலென்டினியன் திருமுழுக்கு கேட்டு ஆயர் அம்புரோசுக்குச் சொல்லி அனுப்பினான். அவர் வந்து சேருமுன் இறந்துபோனான். அழுத சகோதரிகளிடம் அம்புரோஸ், அவன் கேட்டான், அதனால் பெற்றுவிட்டான் என்ற பொருளில் ஆறுதல் சொன்னார். ஆசைப்பட்டதே போதும் என்ற போதனைக்கு இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, அம்மாவின் ஆசையை எப்படி நிறைவேற்றுவது? ‘டிடாக்கே’ என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், ஓடுகிற தண்ணீர் நல்லது, கிடைக்காவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீர், இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. சி.எஸ்.ஐ.யிலும் கத்தோலிக்கத்திலும் ஊற்றுவது செல்லும். பக்கத்து சி.எஸ்.ஐ. சபை ஐயரை, அதாவது போதகரை, வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். தலைக்குக் கீழே ஒரு துண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் ஆயிற்று. அம்மாவுக்குப் பேச்சு குழறினால், கேட்கிற கேள்விகளுக்குத் தலையசைத்தால் போதும். நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். உயிர் போகும் ஆபத்து என்றால், தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் யாரும் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்க விதி. திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணம் மட்டும் வேண்டும்.

உங்கள் பாஸ்டருக்கு இதில் வருத்தம் வரலாம். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், பதிவேட்டில் அம்மா எந்தச் சபையின் பெயரில் வருவார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போது பல இடங்களில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.