சின்னப் பலகையில் கிட் திணறும்போது

பெங்களூரில் ராஸ்பெர்ரி பை எனும் கையளவு கணினிப் பலகையை வைத்துப் பழகும் தமிழ் நண்பர்கள், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) மென்பொருள் பற்றி அனுப்பிய கேள்விகளைப் படித்தபோது, அவற்றில் கிட்டின் மீதே குற்றம் சொல்லக்கூடியவை அநேகமாக இல்லை என்பதைக் கண்டேன். ஆகவே, கிட்டை அழித்துவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்கும் யோசனையை எல்லோரும் முதலில் ஒத்திவைக்க வேண்டுகிறேன்.

கேள்வி (அல்சூர்): 512 எம்பி நினைவகமுள்ள பை ஜீரோ 2 டபிள்யூவில் லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரெப்போவை, அதாவது நிரல் களஞ்சியத்தை, குளோன் (முழு நகல்) செய்கிறேன். எல்லாம் இறங்கி முடிந்த பிறகு 'இண்டெக்ஸ்-பேக் டைட் ஆஃப் சிக்னல் 9' என்று வந்து நின்றுவிடுகிறது. போஸ்ட்பஃபர் அளவைக் கூட்டினேன், வேறு வைஃபைக்கும் மாறினேன். பயனில்லை ஐயா.

பதில்: வைஃபை மீது தவறில்லை. நினைவகம் தீர்ந்ததால் பலகையில் ஓடும் கெர்னலே அந்தப் புரோகிராமைக் கொன்றிருக்கிறது. டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியை நீங்களே காணலாம். கிட் பல பதிப்புகளை டெல்டா எனப்படும் வேறுபாடுகளாகச் சுருக்கி அனுப்புகிறது. அவை வந்து சேர்ந்த பின் ஒவ்வொன்றையும் முழுதாகக் கட்டி, அதன் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து பெறும் அடையாள எண்ணை) கணக்கிட்டு, அட்டவணை போடும் வேலை உங்கள் பலகையின் தலையில் விழுகிறது. அப்போது இணையாக ஓடும் வேலை இழையான ஒவ்வொரு திரெட்டும் 96 எம்பி வரை இடைக்கிடங்காக வைத்துக்கொள்ளலாம் என்பது கிட்டின் இயல்பான வரம்பு என்பதால், சில திரெட்டுகள் சேர்ந்து ஓடினாலே 512 எம்பியில் மிஞ்சுவது சொற்பம். பேக்.திரெட்ஸ் மதிப்பை 1 ஆக்கினால் ஓரளவு மூச்சு விடலாம்.

கெர்னலை உருவாக்குவது மட்டுமே நோக்கம் என்றால் டெப்த் 1 போட்டுக் கடைசிப் பதிப்பை மட்டும் இறக்குங்கள். பழைய வரலாறு தேவைப்படும்போது டீப்பன் விருப்பத்தால் நூறு நூறு கமிட்டாக (பதிவு செய்யப்பட்ட மாற்றங்களாக) பின்னோக்கிச் செல்லலாம். முழு வரலாறும் வேண்டும் என்றால் மடிக்கணினியில் குளோன் செய்து, அந்தக் கோப்புறையை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் பலகைக்கு அனுப்புங்கள். கிட் பண்டில் என்ற ஒற்றைக் கோப்பாகக் கொண்டுபோகலாமே என்று சிலர் சொல்வார்கள். பண்டிலைப் பிரிக்கும்போதும் அதே அட்டவணை வேலை பலகையில்தான் நடக்கும் என்பதால், அது இங்கே உதவாது. போஸ்ட்பஃபரைப் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். அது சர்வருக்கு அனுப்பும் தரவைச் சார்ந்தது, கூட்டினால் நினைவகத்தைத்தான் விழுங்கும்.

கேள்வி (விவேக் நகர்): மழையில் கரண்ட் போய் வந்த பிறகு 'ஆப்ஜெக்ட் ஃபைல் ஈஸ் எம்ப்டி' என்ற பிழை வருகிறது, கிட் ஸ்டேட்டஸ்கூட ஓடவில்லை. அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்யலாமா? இரண்டு நாள் கமிட்டுகள் இன்னும் புஷ் ஆகவில்லை (சர்வருக்குப் போகவில்லை).

பதில்: தயவுசெய்து அழிக்காதீர்கள். முதலில் முழுக் கோப்புறையையும் டார் கோப்பாகக் கட்டிப் பென்டிரைவில் வைத்துவிடுங்கள். எழுதியதாகச் சொல்லப்பட்ட தரவு மெமரி கார்டுக்குப் போய்ச் சேரும் முன் சற்று நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. பெரும்பாலும் கடைசி நிமிடங்களில் எழுதப்பட்டவையே இப்படிப் பாழாகும்.

கிட் தன் தரவை வைக்கும் ஆப்ஜெக்ட்ஸ் கோப்புறைக்குள் பூஜ்ஜிய அளவுள்ள கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடி நீக்குங்கள். பிறகு கிட் ஃபெட்ச் கொடுத்தால் சர்வரில் புதிதாக உள்ளவை வந்து சேரும். எது இன்னும் குறைகிறது என்பதை கிட் எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கட்டளை காட்டும். உங்கள் இரண்டு நாள் கமிட்டுகளைத் தேட வேண்டிய இடம் லாக்ஸ் கோப்புறையில் உள்ள ஹெட் கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், கிட் ஓடாத நிலையிலும் திறந்து படிக்கலாம். கீழிருந்து மேலாக ஒவ்வொரு ஹாஷையும் சோதித்து, முழுமையாக இருக்கும் முதல் கமிட்டுக்குக் கிளையைத் திருப்பி, இண்டெக்ஸ் கோப்பை நீக்கிவிட்டுக் கிட் ரீசெட் கொடுங்கள். ஹார்ட் என்ற சொல்லை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், ஏனெனில் அது நிரல் கோப்புகளையும் பழைய நிலைக்கு மாற்றிவிடும். நீங்கள் எழுதிய நிரல் கோப்புகள் அநேகமாக அப்படியே இருக்கும், அவற்றிலிருந்து மீண்டும் கமிட் செய்துகொள்ளலாம்.

2022இல் வந்த 2.36 பதிப்பிலிருந்து கோர்.எஃப்சிங்க் என்ற அமைப்பு உள்ளது, எந்தக் கோப்புகள் உண்மையிலேயே கார்டுக்குப் போய்ச் சேரும் வரை கிட் காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்புகள் அதன் இயல்பு நிலையில் சேர்க்கப்படவில்லை. 'ஆல்' என்று மாற்றினால் கமிட் மெதுவாகும், ஆனால் நம் ஊர் மழைக்காலத்துக்கு அந்தத் தாமதத்தை நான் மனமுவந்து ஏற்பேன்.

கேள்வி (ஜீவன் பீமா நகர்): 'இண்டெக்ஸ்.லாக் ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்கிறது.

பதில்: கிட் வேலை செய்யும்போது போடும் பூட்டுக் கோப்பு அது, பாதியில் நின்றால் அப்படியே தங்கிவிடும். வேறு டெர்மினலிலோ குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானிலோ கிட் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): குளோன் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பிழையோடு நிற்கிறது.

பதில்: ஒரே இடத்தில் நின்றால் தரவைச் சந்தேகிக்கலாம், இடம் மாறிக்கொண்டே இருந்தால் நான் அடாப்டரைத்தான் சந்தேகிப்பேன். விசிஜென்சிஎம்டி கட்டளையில் கெட் த்ராட்டில்டு கொடுத்துப் பாருங்கள். 0எக்ஸ்0 என்றால் நலம். 0எக்ஸ்50000 என்றால், பலகையை இயக்கிய பின் எப்போதோ மின்னழுத்தம் குறைந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பழைய போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போதா. மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போய்ப் புதிய கார்டும் வாங்குவதானால், அன்று மாலையே எஃப்3 கருவியால் அதன் உண்மைக் கொள்ளளவைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): பலகையை இயக்கியவுடன் புல் செய்தால் (சர்வரிலிருந்து புதியவற்றை இறக்கினால்) 'சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற பொருளில் பிழை வருகிறது. எஸ்எஸ்எல் சோதனையை அணைத்து ஓட்டுகிறேன்.

பதில்: உடனே அதை மீண்டும் இயக்குங்கள். பை 4 வரையிலான பலகைகளில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. இணையத்திலிருந்து நேரம் வந்து சேரும் வரை பலகை பழைய தேதியிலேயே வாழ்கிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளை நேரம் ஒத்திசைந்தது என்று காட்டிய பிறகு புல் செய்யுங்கள், அல்லது டிஎஸ்3231 கடிகாரத்தைப் பொருத்துங்கள். பை 5இல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம்தான் தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி (சிவாஜி நகர்): ஐந்தாண்டு பெட்டிக்குள் கிடந்த பை 3இல், கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. எஸ்எஸ்ஹெச் வழியே போனால் 'ஹோஸ்ட் கீ மாறிவிட்டது' என்று பயமுறுத்துகிறது.

பதில்: 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் செயல்களுக்குக் கிட்ஹப் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கனோ எஸ்எஸ்ஹெச் சாவியோ வேண்டும். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தனது ஆர்எஸ்ஏ சாவியை மாற்றியது, உங்கள் பலகை பழையதையே நினைவில் வைத்திருக்கிறது. திரையில் வரும் கைரேகை எண், கிட்ஹப் தன் ஆவணப் பக்கத்தில் வெளியிட்டுள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டும் பழைய பதிவை நீக்கிப் புதியதை ஏற்றுக்கொள்ளுங்கள்.