கரடுமுரடான மரத்துக்கு எந்த நம்பர் உப்புத்தாள் வட்டு? கேள்வி பதில்

கேள்வி: மரவாடியில் வாங்கிய மாம்பலகையில் வாள் பற்களின் தடம் அப்படியே இருக்கிறது. 5 அங்குல ஆர்பிட்டல் சாண்டரில் (உப்புத்தாள் வட்டைச் சுழற்றித் தேய்க்கும் மெஷின்) 120 நம்பர் வட்டு மாட்டி இரண்டு மணி நேரம் தேய்த்தும் தடம் போகவில்லை. மெஷின் சரியில்லையா, ஐயா?

பதில்: மெஷினைக் குறை சொல்ல வேண்டாம், நீங்கள் தொடங்கிய நம்பர்தான் தவறு. உப்புத்தாளில் நம்பர் கூடக் கூட, அதில் ஒட்டியிருக்கும் அரிக்கும் மணி பொடியாகும். நம்பருக்கு முன் P என்று அச்சிட்ட பி வரிசையில் 40 நம்பர் மணியின் சராசரி அளவு ஏறக்குறைய 425 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 120 நம்பரிலோ அது 125 மைக்ரான்தான். வாள் விட்ட ஆழமான தடத்தை அவ்வளவு பொடியான மணியால் அரிக்க முடியாது. தடத்தின் முதுகை மட்டும் பளபளப்பாக்கும். 60 நம்பரில் தொடங்குங்கள், தடம் மிக ஆழம் என்றால் 40. பலகை முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடுகள் போட்டுவிட்டுத் தேய்த்தால், கோடு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம் இருப்பது தெரிந்துவிடும். வாள் தடம் அறவே மறையும்வரை முதல் நம்பரை விட்டு நகரக் கூடாது. பிறகு 80, 120, 180 என்று ஏறும்போது ஒவ்வொரு வட்டுக்கும் முந்தைய வட்டின் கீறலை அழிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும், அதற்குச் சில நிமிடங்களே போதும். பலகை முறுக்கிக்கொண்டிருந்தால் முதலில் இழைப்புளியால் சமன் செய்ய வேண்டும், ஏனெனில் சாண்டரின் மெத்தென்ற அடித்தட்டு மேடுபள்ளங்களோடு சேர்ந்தே ஏறி இறங்கும்.

கேள்வி: 60-லிருந்து நேராக 180-க்குப் போகலாமா? வட்டுச் செலவு மிச்சமாகுமே.

பதில்: மிச்சமாகாது. 60 விட்ட கீறலை 180-ஆல் எடுக்க முயன்றால் நான்கைந்து வட்டுகள் தேய்ந்து போகும். அப்படியும் எஞ்சிய கீறல்கள், வார்னிஷ் பூசிய மறுநாள் சுருள் சுருளாகத் தெரியும். 60, 100, 180 என்று போனால் ஒப்புக்கொள்வேன்.

கேள்வி: வேர்க்கட்டை ஒன்றை டீப்பாய் ஆக்குகிறேன். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் இதழ்களை விசிறிபோல் அடுக்கிய வட்டு) மாட்டலாமா?

பதில்: வேரின் வளைவுகளுக்கும் பொந்துகளுக்கும் 40 அல்லது 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க் நன்றாகவே உதவும். மேற்பலகைக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் மெஷினில் 100 மி.மீ. வட்டின் விளிம்பு நொடிக்கு 58 மீட்டர் அளவுக்குப் பாய்கிறது. ஓரிடத்தில் ஒரு கணம் நின்றாலும் குழி விழும், மரம் கருகும். வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டுங்கள், மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள். இன்னொன்று: இரும்பு தேய்த்த வட்டை மரத்துக்கு எடுக்கக் கூடாது. கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரங்களில் ஒட்டும் இரும்புத்தூள், ஈரம் பட்டதும் கறுப்புக் கறையாகிவிடும்.

கேள்வி: பாட்டி வீட்டுத் தேக்குக் கதவைத் தேய்க்கிறேன். வட்டு ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது.

பதில்: தேக்கின் எண்ணெய்ப் பசையும் பழைய வார்னிஷும் சூட்டில் இளகி மணிகளுக்கிடையே உறைகின்றன. மணிகள் இடைவெளி விட்டுப் பதித்த, மேலே வெள்ளையாகச் சோப்புப் பூச்சுள்ள வட்டு கேட்டு வாங்குங்கள். வேகத்தைக் குறையுங்கள், அழுத்தாதீர்கள், வட்டின் துளைகள் அடித்தட்டின் துளைகளோடு பொருந்தியிருக்கட்டும். அடைத்த வட்டை ஓடவிட்டு, வட்டைச் சுத்தம் செய்யும் கிரேப் ரப்பர் கட்டியைக் காட்டினால் பெரும்பாலும் மீண்டுவிடும். முன்னதாகக் கதவில் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஆணியில் தெறிக்கும் பொறி தூசிப்பைக்குள் போனால் தீப்பிடிக்கும். வார்னிஷுக்கு அடியில் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்காமல், பெயிண்ட் நீக்கி தடவிச் சுரண்டி எடுப்பதே நல்லது.

கேள்வி: வட்டின் மணியில் அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடு, சிர்க்கோனியா என்று வகைகள் உண்டே, எதை வாங்குவது?

பதில்: மரத்துக்கு அலுமினியம் ஆக்சைடு போதும். சிலிக்கான் கார்பைடு கூர்மையானது, ஆனால் எளிதில் நொறுங்கும். வார்னிஷ் பூச்சுகளுக்கிடையே மெல்லத் தேய்க்க அதை வைத்துக்கொள்ளலாம். சிர்க்கோனியா மணி பலமாக அழுத்தினால்தான் உடைந்து புதுக்கூர் காட்டும் என்பதால், கையால் பிடிக்கும் சிறு சாண்டரில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்.

கேள்வி: எந்த நம்பரில் நிறுத்துவது?

பதில்: வார்னிஷ் என்றால் 180 அல்லது 220. அதற்கு மேல் போனால் சாயம் சரியாக ஏறாது. பலகையின் வெட்டுமுனையை மட்டும் ஒரு நம்பர் கூடுதலாகத் தேய்க்கலாம். இல்லாவிட்டால் அந்த முனை சாயத்தை அதிகம் குடித்துக் கறுக்கும்.

கேள்வி: தூசிக்குத் துண்டு கட்டினால் போதாதா?

பதில்: போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. என்-95 முகக்கவசம் அணியுங்கள். தேய்த்து முடித்தவுடன் கழற்றாமல், காற்றில் மிதக்கும் தூள் படியும்வரை போட்டிருங்கள்.