மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: மெஷின் லேர்னிங் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேரவிருக்கும் என் மகள், வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதற்காகப் பேராசிரியர்களின் மேற்கோள் எண்ணிக்கையையும் (அவர்களுடைய கட்டுரைகளைப் பிற ஆய்வுகள் எத்தனை முறை சான்றாகக் காட்டின என்பது) எச்-இண்டெக்ஸையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். எண் பெரிதாக இருப்பவரே சிறந்த ஆய்வாளர் என்று கொள்ளலாமா?
— வாசகி ஒருவர், சேலம்

பதில்: அப்படிக் கொள்ள வேண்டாம். எச்-இண்டெக்ஸ் என்பது இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு. குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அத்தனை இருக்கும் மிகப்பெரிய எண்ணே அது. ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 90, 40, 6, 3, 1 மேற்கோள்கள் பெற்றிருந்தால், குறைந்தது 3 மேற்கோள் பெற்றவை 3-க்குக் குறையாமல் உண்டு, குறைந்தது 4 பெற்றவை 4 இல்லை. ஆகவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 3. முதல் கட்டுரை 90-க்குப் பதில் 90,000 மேற்கோள் பெற்றிருந்தாலும் அதே 3தான். இந்த எண் ஏறுமே தவிர இறங்காது என்பதால், ஆய்வை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனவருக்கும் அது குறையாமல் நிற்கும்.

மொத்த மேற்கோள் எண்ணிக்கையில் வேறொரு சிக்கல் உண்டு: ஒரு கட்டுரையின் மதிப்பு அதில் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். செப் ஹோக்ரைட்டர் 1991-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியில் எழுதிய மாணவர் ஆய்வேட்டில், நியூரல் நெட்வொர்க்கில் (மூளையின் நரம்பு வலையைப் போல அமைத்த கணினி முறையில்), அது தன்னைத் திருத்திக்கொள்ள உதவும் பிழையின் செய்தி பின்னோக்கிச் செல்லச் செல்ல ஏன் தேய்ந்து மறைகிறது என்று விளக்கினார். ஒவ்வொரு படியிலும் அது பாதியாகிறது என்று வைத்துக்கொண்டால், 20 படிகளுக்குப் பின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இதற்குத் தீர்வாக அவரும் யூர்கன் ஷ்மிட்ஹூபரும் உருவாக்கிய, பழைய தகவலை நெடுநேரம் நினைவில் வைத்திருக்கும் எல்எஸ்டிஎம் முறை 1997-இல் ‘நியூரல் கம்ப்யூட்டேஷன்’ இதழில் வெளிவந்தது. முதல் பல ஆண்டுகள் அதை எடுத்தாண்டவர்கள் குறைவு. கணினிகளின் வேகமும் தரவுகளும் பெருகி, 2016-இல் கூகுள் தன் மொழிபெயர்ப்புச் சேவையிலேயே அம்முறையைப் பயன்படுத்திய காலத்தில்தான் மேற்கோள்கள் குவிந்தன. இன்று அவை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. கட்டுரை வெளிவந்து ஐந்தாண்டுகள் கழித்து எண்ணை மட்டும் பார்த்த எவரும் அதன் மதிப்பை உணர்ந்திருக்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் எல்எஸ்டிஎம்மில் உள்ள ‘மறத்தல் வாயில்’ (தேவையற்ற பழைய தகவலை நினைவிலிருந்து நீக்கும் பகுதி) 1997 கட்டுரையில் கிடையாது. ஃபெலிக்ஸ் கெர்ஸ், ஷ்மிட்ஹூபர், ஃப்ரெட் கம்மின்ஸ் மூவரும் 2000-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் அது சேர்ந்தது. ஆனால் அந்தக் கட்டுரையின் மேற்கோள்கள் பல மடங்கு குறைவு. மூலக் கட்டுரையின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்னும் பழக்கத்தால் பிறருடைய உழைப்பு கணக்கில் வராமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே மகளிடம் மொத்த எண்ணை விட்டுவிட்டு, அந்தப் பேராசிரியரின் கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இத்துறையில் பெரும்பாலும் வேலையை முன்நின்று செய்தவர் பெயர் முதலிலும், வழிகாட்டியின் பெயர் கடைசியிலும் வரும். அவருடைய மாணவர்கள் முதல் பெயராக வந்த கட்டுரைகள் எத்தனை, அவை நியூரிப்ஸ், ஐசிஎம்எல் போன்ற மாநாடுகளில் ஏற்கப்பட்டவையா என்று பார்த்து, இரண்டையாவது முழுமையாகப் படிக்கட்டும். முடிந்தால் அந்த மாணவர்களில் ஒருவரிடம் நேரில் பேசட்டும்.

கேள்வி: மேற்கோள்களை எண்ணிக் காட்டும் தளங்களில், ஒரே ஆய்வாளருக்கு கூகுள் ஸ்காலர் காட்டும் எண் ஸ்கோப்பஸ் காட்டுவதைவிடப் பெரிதாக இருப்பது ஏன்?
— கல்லூரி ஆசிரியர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: தேர்ந்தெடுத்த இதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் முதன்மையாகக் கொண்டு ஸ்கோப்பஸ் கணக்கிடுகிறது. கூகுள் ஸ்காலரோ ஆர்க்கைவ் தளத்தில் மதிப்பீட்டுக்கு முன்பே ஏற்றப்படும் வரைவுகள், ஆய்வேடுகள் ஆகியவற்றில் வரும் மேற்கோள்களையும் சேர்த்துக்கொள்கிறது. மெஷின் லேர்னிங்கில் மிகப் பல கட்டுரைகள் முதலில் ஆர்க்கைவில் வெளிவருகின்றன என்பதால் இடைவெளி இங்கே கூடுதலாகத் தெரியும். இருவரை ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே தளத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.